கணிப்பின் விலை

எஞ்சின் கோளாறைத் தவறாகக் கணித்து, தேவையில்லாத பாகத்தை மாற்றி, பில்லையும் கட்டவைத்து சர்வீஸ் சென்டர் அனுப்பிவிட்டால், வண்டிக்காரர் வாயில் முதலில் வருவது ‘ஏமாத்திட்டாங்க’ என்ற சொல். கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சொல் விசாரணையை அங்கேயே முடித்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டியபின், நேர்மையான வேறொருவரைத் தேடிப் போவதைத் தவிரச் செய்வதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. பாகத்தை மாற்றச் சொன்ன சர்வீஸ் அட்வைசர் தான் சொன்னதை முழுமனதாக நம்பியிருக்கலாம். மாற்றிய மெக்கானிக்கும் அப்படியே. ஒருவரும் பொய் சொல்லாமலேயே வண்டிக்காரர் இருபதாயிரம், முப்பதாயிரம் ரூபாயை இழந்துவிட்டு, அதே கோளாறோடு வீடு திரும்ப முடியும். நம் ஊர் அங்கீகார சர்வீஸ் சென்டர்களின் வரவு செலவு, பாகங்களையும் அவற்றை மாற்றும் கூலியையும் சுற்றி அமைந்திருக்கிறது. கோளாறு என்ன என்று கண்டுபிடிக்கும் வேலைக்கு அதில் இடம் குறைவு. கண்டுபிடித்ததாகச் சொன்னது பொய்த்துப்போனால் பொறுப்பேற்பதற்கு இடமே இல்லை. கணிப்பு தனி வேலை, அதற்குத் தனிக் கூலி உண்டு, அது பொய்த்தால் செலவு கணித்தவரையே சேரும். இந்த மூன்றும் சேர்ந்து ஏற்கப்படாதவரை, நல்லவர்கள் நடத்தும் இடத்திலும் இதே தவறு நடந்துகொண்டுதான் இருக்கும் என்பது என் வாதம்.

தவறு பெரும்பாலும் காரின் கம்ப்யூட்டர் பதிந்த குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரில் தொடங்குகிறது. கார் தன் கோளாறைத் தானே பதிவுசெய்யும் ஓபிடி என்ற ஏற்பாடு புகைக் கட்டுப்பாட்டுக்காகப் பிறந்தது. கலிஃபோர்னியா மாநிலத்தின் காற்றுவள வாரியம் எண்பதுகளின் இறுதியில் அதைக் கட்டாயமாக்கியது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஒரே வகை இணைப்பும் பொதுவான குறியீடுகளும் வந்தன. இந்தியாவில் பாரத் ஸ்டேஜ் நான்கு விதிகளோடு 2010-இல் முதல் கட்டமும் 2013-இல் இரண்டாம் கட்டமும் நடைமுறைக்கு வந்தன. இந்தப் பிறப்பு வரலாற்றை மறந்துவிடுவதால்தான் குறியீட்டுக்கு அது தாங்காத அதிகாரத்தைக் கொடுத்துவிடுகிறோம். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை வரம்பை மீறலாம் என்ற நிலையைக் கம்ப்யூட்டர் கண்டதும் விளக்கை எரியவிடுகிறது, ஒரு எண்ணைக் குறித்துவைக்கிறது. எந்தப் பாகம் பழுது என்று அதற்குப் பெரும்பாலும் உறுதியாகத் தெரியாது.

பி0171 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளலாம். எரிகலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் பொருள். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் கணக்கு சற்று இறங்கும். புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்தது போக மீந்த ஆக்சிஜனைப் பார்த்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. ஆக்சிஜன் மிகுந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டுகிறது. கூட்டிக்கொண்டே போய், தனக்கு வைத்த எல்லையைத் தாண்ட நேர்ந்தால் குறியீட்டைப் பதிகிறது. இதற்குக் காரணம் காற்றுச் சென்சாருக்கும் எஞ்சினுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் விழுந்த வெடிப்பாக இருக்கலாம். இன்டேக் மேனிஃபோல்டு கேஸ்கெட் கசிவாக இருக்கலாம். காற்றுச் சென்சாரில் படிந்த தூசி, பலவீனமான பெட்ரோல் பம்பு, அடைபட்ட இன்ஜெக்டர், புகைக்குழாயில் சென்சாருக்கு முன்னால் உள்ள ஓட்டை என்று பட்டியல் நீளும். இவற்றில் சில நூறு ரூபாயில் தீரக்கூடியவை, சில ஐந்து இலக்கத்தைத் தொடுபவை. குறியீட்டைப் படித்த மாத்திரத்தில் ‘ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்’ என்று சொல்லப்படும்போது, செய்தி கொண்டுவந்தவன் தலையில் குற்றம் விழுகிறது.

பிரித்தறியும் வழி இல்லாமலா இப்படி நடக்கிறது? வழி அதே ஸ்கேனரின் அடுத்த திரையில் இருக்கிறது. காற்றின் அளவை நேரடியாக அளக்கும் சென்சார் பொருத்திய எஞ்சின் என்றால், கம்ப்யூட்டர் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது என்ற எண்ணை முதலில் ஐடிலிங்கில் பார்க்க வேண்டும், பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்து நிமிடத்துக்கு 2,500 சுற்றில் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஐடிலிங்கில் 20 சதவீதம் கூட்டிக்கொண்டிருந்த எண் சுற்று ஏறியதும் ஐந்துக்கு இறங்கினால் காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் குறைவாக மூச்சிழுக்கும்போது ஓட்டை வழியே வரும் காற்று பெரும்பங்கு. அதிகமாக இழுக்கும்போது அதே ஓட்டையின் பங்கு அற்பம். மாறாக, சுமை ஏற ஏற எண்ணும் ஏறினால் பெட்ரோல் போதவில்லை. பம்பு, ஃபில்டர் பக்கம் போக வேண்டும். கசிவு என்று பட்டால் இன்டேக் குழாய்க்குள் புகையைச் செலுத்தி அது எங்கே வெளியே வருகிறது என்று பார்த்துவிடலாம். எண்ணைப் பார்க்கச் சில நிமிடம் போதும், புகைச் சோதனைக்கு அரை மணி, ஒரு மணி ஆகலாம். சென்சாரைக் கழற்றி மாட்டுவதற்கும் ஏறக்குறைய அதே நேரம்தான். ஆக, நேரமில்லை என்ற சமாதானம் நிற்காது. இரண்டாவது வேலைக்குப் பில்லில் இரண்டு வரி உண்டு, பாகம் ஒன்று, கூலி ஒன்று. முதல் வேலைக்குப் பெரும்பாலும் ஒரு வரிகூடக் கிடையாது. எந்த வேலை நடக்கும் என்பதை அந்தப் பில்லின் அமைப்பே தீர்மானித்துவிடுகிறது.

நேர்மையின்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1941-இல் ரீடர்ஸ் டைஜஸ்ட் பத்திரிகைக்காக இரண்டு பேர் அமெரிக்காவின் 48 மாநிலங்களிலும் ஒரு காரை ஓட்டிப்போய் 347 கராஜ்களில் நிறுத்தினார்கள். நிறுத்துமுன் எஞ்சினின் காயில் ஒயர் ஒன்றை வேண்டுமென்றே கழற்றிவிட்டிருப்பார்கள். அதைக் கண்டு, இலவசமாகவோ சொற்பக் காசுக்கோ மாட்டிக்கொடுத்தவை 129 கராஜ்கள். மற்ற 218-இல் தேவையற்ற பாகமோ, செய்யாத வேலைக்குக் கட்டணமோ, வேறொரு கதையோ கிடைத்தது. குற்றவியல் அறிஞர் எட்வின் சதர்லேண்ட் படித்தவர்களும் வசதியுள்ளவர்களும் செய்யும் குற்றங்களைப் பற்றிய தன் நூலில் இதை எடுத்தாண்டபின், மனிதர்களின் பேராசைக்குச் சாட்சியாகவே இது சொல்லப்பட்டு வருகிறது. ஐம்பது ஆண்டு கழித்து அதே நாட்டில் நடந்த இன்னொன்றைப் பக்கத்தில் வைத்தால் சித்திரம் மாறுகிறது. 1992-இல் கலிஃபோர்னியாவின் வாகனப் பழுதுபார்ப்புத் துறை, சியர்ஸ் நிறுவனத்தின் கார் சர்வீஸ் மையங்களுக்கு மாறுவேடத்தில் ஆளனுப்பிச் சோதித்து, தேவையில்லாத வேலைகள் விற்கப்படுவதாகக் குற்றம் சாட்டியது. அங்கே அட்வைசர்களுக்கு இத்தனை பிரேக், இத்தனை ஸ்ப்ரிங் விற்க வேண்டும் என்ற இலக்கும், விற்றதற்குக் கமிஷனும் இருந்தன. சம்பள முறைதான் தவறுக்கு இடம்கொடுக்கும் சூழலை உண்டாக்கியது என்று நிறுவனத்தின் தலைவரே ஒப்புக்கொண்டார்; அட்வைசர்களின் கமிஷன் கைவிடப்பட்டது. அந்த மையங்களில் கெட்டவர்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைத்திருக்க மாட்டார்கள். சாதாரண மனிதர்களை அப்படி ஒரு கணக்கில் உட்காரவைத்தார்கள். அவர்கள் கண்ணுக்கு எல்லாக் காரிலும் தேய்ந்த பாகம் தெரிந்தது.

இந்தக் கணக்கு மறுதிசையிலும் ஓடும் என்பதுதான் என்னை மிகவும் உறுத்துவது. வாரண்டி முடியாத காரில் பாகத்தை மாற்றினால் பணம் தரவேண்டியது தயாரிப்பு நிறுவனம். டீலர் அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கையையும் அது சோதிக்கும், திரும்பிவரும் பழைய பாகத்தைப் பரிசோதிக்கும், நன்றாக இருந்தால் பணத்தை மறுக்கும். அதனால் அங்கே ‘இந்த மாடலுக்கு இது சகஜம்தான் சார்’, ‘ஓட்ட ஓட்டச் சரியாயிடும்’, ‘பெட்ரோல் பங்க்கை மாத்திப் பாருங்க’ என்பவை கணிப்பாகிவிடுகின்றன. வாரண்டி முடிந்த அடுத்த மாதம், அதே திணறலோடு அதே கார் போய் நின்றால் இன்ஜெக்டர் செட்டுக்கு எஸ்டிமேட் வருகிறது. முதலில் குறைத்துக் கணித்ததும் பிறகு கூட்டிக் கணித்ததும் ஒரே இடம். இரண்டு கணிப்பிலும் செலவு அந்த இடத்தைச் சேராமல் ஒதுங்கிப் போகிறது. தற்செயலான தவறுகள் இப்படி ஒரே பக்கமாகச் சாய்வதில்லை.

சகஜம் என்ற சொல் உயிரையும் எடுக்கும். ஜெனரல் மோட்டார்ஸின் சில கார்களில் சாவி போடும் இக்னிஷன் சுவிட்ச் பிடிப்புக் குறைவாக இருந்தது. சாவிக்கொத்தின் கனத்திலோ முழங்கால் பட்டோ அது நழுவினால், ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடும், ஏர்பேகும் வேலைசெய்யாது. எஞ்சின் அணைவதைப் பாதுகாப்புக் குறையாகக் கொள்ளாமல் வாடிக்கையாளரின் வசதிக்குறைவு என்று நிறுவனம் ஆண்டுக்கணக்கில் வகைப்படுத்தி வைத்திருந்தது. புகாரோடு வருகிறவர்களிடம் சாவிக்கொத்தில் கனமானவற்றைக் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்று 2005-இல் டீலர்களுக்கு அறிவுறுத்தியது. பின்னர் சுவிட்ச் திருத்தப்பட்டபோது பாகத்தின் எண் மாற்றப்படவில்லை. பழையது எது, புதியது எது என்று ஆவணத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாமல் போனது. ஒரு விபத்து வழக்கில் வாதி தரப்புப் பொறியாளர் இரண்டு சுவிட்சுகளைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு உடைந்தது. 2014-இல் 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட மரணங்கள் 124. தவறான கணிப்பு பணப்பிரச்சினை மட்டுமே என்று நினைப்பவர்கள், நெடுஞ்சாலையில் லாரிக்கு முன்னால் அணைந்துபோகும் எஞ்சினை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு மருத்துவத்திலிருந்து வருகிறது. மருத்துவரும் தவறாகக் கணிக்கிறார். உரிய கவனத்தோடு முறையாகச் செயல்பட்டிருந்தால், கணிப்பு பொய்த்தது என்பதற்காக மட்டும் சட்டம் அவரைக் குற்றவாளியாக்குவதில்லை. மெக்கானிக்குக்கு மட்டும் ஏன் கடுமையான அளவுகோல்? ஒப்புமையை ஏற்கிறேன், முழுதாக ஏற்கும்படி கேட்கிறேன். மருத்துவர் நம்மிடம் வாங்குவது பார்த்ததற்கான கட்டணம். மாத்திரை எழுதாமல் அனுப்பினாலும் அந்தக் கட்டணம் உண்டு. என்ன சோதனை செய்தார், என்ன மதிப்பு வந்தது என்ற சீட்டு நம் கையில் இருக்கிறது; அதை எடுத்துக்கொண்டு இன்னொரு மருத்துவரிடம் போகலாம். சர்வீஸ் சென்டரில் மருத்துவரும் மருந்துக்கடையும் ஒரே கல்லாப்பெட்டி. சோதனைச் சீட்டு கிடையாது. மருத்துவரின் பாதுகாப்பைக் கேட்பவர்கள் மருத்துவரின் கடமைகளையும் ஏற்கட்டும்: என்ன சோதித்தோம், என்ன எண் வந்தது, அதிலிருந்து எப்படி இந்த முடிவுக்கு வந்தோம் என்று எழுதித் தரட்டும். அப்படி முறையாகச் செய்து, அதன்பிறகும் தவறு நேர்ந்தால் கடுமை காட்ட வேண்டியதில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சோதனையே செய்யாமல் பாகத்தை மாற்றிப் பார்ப்பதற்கு அந்தச் சலுகை பொருந்தாது. அது பரிசோதனை, அதன் செலவை வண்டிக்காரர் தலையில் கட்டுவது அநியாயம்.

இன்னொரு மறுப்பு வந்து வந்து போகும் கோளாறு பற்றியது. எலி கடித்த ஒயர் நம் ஊரில் தீராத தொல்லை. கடித்த இடத்தில் செம்பு இழைகள் பாதி அறுந்து பாதி ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டி நிற்கும்போது ஓமீட்டர் வைத்தால் சரியாகக் காட்டும். மேடுபள்ளத்தில் குலுங்கும்போதோ மழையில் நனையும்போதோ மட்டும் தொடர்பு விடும். எர்த் போல்ட்டில் பூத்த துருவும் இப்படித்தான். சென்சாரை மாற்றினால் சில நாள் சரியாகவே இருக்கும், ஏனென்றால் சென்சாரை மாற்றும்போது ஒயர் அசைந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொண்டிருக்கும். பாகம் மாறியதால்தான் சரியானது என்று மெக்கானிக்கும் நம்புவார். இது உண்மையிலேயே கடினமான வேலை, ஒரே நாளில் முடியாதது; அதற்காக யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். ‘இன்னும் உறுதியாகத் தெரியவில்லை, சந்தேகம் இந்த இரண்டு இடத்தில், முதலில் ஒயரிங் பார்க்கிறோம்’ என்று ஜாப் கார்டில் எழுதிவிடலாமே. அப்படி எழுத வசதியான கட்டம் பல ஜாப் கார்டுகளில் இல்லை. அட்வைசருக்கு முன்னால் இருக்கும் திரை கேட்பது பாக எண்ணையும் வேலைக் குறியீட்டையும்.

சாட்சியம் எப்படி அழிகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். குறியீடு பதிவாகும் கணத்தில் எஞ்சின் எந்தச் சுற்றில் ஓடியது, சுமை எவ்வளவு, கூலன்ட் வெப்பம் என்ன, வண்டி என்ன வேகம் என்பதை எல்லாம் கம்ப்யூட்டர் ஒரு சட்டகமாக உறையவைத்துச் சேமிக்கிறது. ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று அதற்குப் பெயர். குளிர்ந்த எஞ்சினில், நின்ற இடத்தில் வந்ததா, மேட்டில் மூன்றாம் கியரில் இழுக்கும்போது வந்ததா என்று அது சொல்லிவிடும். ஸ்கேனரில் குறியீட்டை அழித்தால் அதுவும் சேர்ந்து அழிந்துபோகும். எஞ்சின் தன்னைத்தானே சோதித்துவைத்த பிற முடிவுகளும் அழிந்து, பல பயணங்களுக்குப் பிறகே மறுபடி நிரம்பும். விளக்கு அணைந்ததால் பழுது தீர்ந்தது என்று வண்டிக்காரர் நினைக்கிறார். அணைந்தது விளக்கு மட்டும்தான். பல சர்வீஸ் சென்டர்களில் வண்டி உள்ளே போனதும் நடக்கும் முதல் வேலைகளில் ஒன்று இந்த அழிப்பு. அழிக்கும் முன் அந்தத் திரையைப் படமெடுத்து ஜாப் கார்டோடு இணைக்க ஒரு நிமிடம் ஆகாது. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவதும் இதே வகை. கலிஃபோர்னியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வேலை தொடங்கும் முன் எழுத்துமூல எஸ்டிமேட்டும், கேட்டால் பழைய பாகத்தைத் தருவதும் பழுதுபார்ப்பவரின் கடமை. நம் ஊரில் ‘பழைய பாகத்தைக் கொடுங்கள்’ என்று கேட்பது சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

வழக்குக்குப் போனால் இந்தச் சாட்சியங்கள் இல்லாததுதான் காலை வாருகிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் முறையிடலாம். பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க உத்தரவிடும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. ஆனால் கோபத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் ‘தயாரிப்புக் குறை, புதுக் கார் வேண்டும்’ என்று எழுதிவிடுகிறார்கள். தயாரிப்புக் குறையை நிரூபிக்க நிபுணர் அறிக்கை வேண்டும்; அது இல்லாமல் தோற்ற புகார்கள் ஏராளம். தயாரிப்பாளரோ, டீலர் தனி வியாபாரி, அவர் செய்த வேலைக்கு நான் பொறுப்பில்லை என்பார். தவறான கணிப்பு சேவைக் குறைபாடு. அதைக் காட்ட மூன்று ஜாப் கார்டுகள் போதுமான தொடக்கம்: ஒரே புகார், மூன்று தேதி, மூன்று வெவ்வேறு பாகங்கள். அந்த ஜாப் கார்டில் ‘மிஸ்ஸிங் வருகிறது, ஐடிலிங்கில் திணறுகிறது’ என்ற வண்டிக்காரரின் வார்த்தைகள் அப்படியே இருக்க வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்தது. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வரியைப் படித்துத் திருத்தச் சொல்வது, பிறகு போடும் எந்தச் சண்டையையும்விடப் பயனுள்ளது.

தெரிந்த மெக்கானிக்கிடம் போய்விட்டால் இந்தத் தொல்லை எதற்கு என்று கேட்கலாம். காதை வைத்துக் கேட்டே கோளாறைச் சொல்லும் கைதேர்ந்தவர்கள் நம் ஊர்ப் பட்டறைகளில் இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்கள் கையைக் கட்டிப்போட்டது அவர்களுடைய அறியாமை இல்லை. நிறுவனத்தின் சொந்த ஸ்கேனரும் ஒயரிங் வரைபடமும் பல பாகங்களும் அங்கீகார வலையமைப்புக்கு வெளியே கிடைக்காமல் வைக்கப்பட்டன. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் இதைச் சந்தை ஆதிக்கத்தின் துஷ்பிரயோகம் என்று கண்டு, 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு தளத்தைத் திறந்தது. தகவல்களைத் தருவது இன்னும் பெரும்பாலும் நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்தே இருக்கிறது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் நம் பிள்ளைகள் பூட்டி முடித்து அனுப்பும் காரை, வாரண்டி முடிந்தபின் கோவையிலோ மதுரையிலோ நம் பிள்ளைகளில் இன்னொருவர் திறந்து பார்க்கத் தகவல் கிடையாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இரண்டாவது கருத்து கேட்க இடமில்லாத ஊரில் முதல் கருத்து சொல்பவர் கவனமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

கடைசியாக, டீலர்கள் சொல்லும் மறுப்பு. கண்டுபிடிக்கும் வேலைக்கு யார் சார் காசு தருவார்கள் என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. பாகத்துக்கு எட்டாயிரம் கேட்டால் முணுமுணுத்துக்கொண்டு கொடுக்கும் நாம், ஒரு மணி நேரம் சோதித்து ரப்பர் குழாயில் வெடிப்பைக் கண்டு க்ளிப் போட்டு இறுக்கியவர் ஆயிரத்து ஐநூறு கேட்டால் ‘பாகம் எதுவும் மாத்தலையே’ என்று பேரம் பேசுகிறோம். கையில் பெட்டியோடு ஒரு பொருள் வராவிட்டால் வேலை நடந்ததாக நமக்குத் தோன்றுவதில்லை. அதிகம் சோதிக்கும் மெக்கானிக்கை இந்தப் பழக்கம் தண்டிக்கிறது, அதிகம் மாற்றுபவரை வளர்க்கிறது. கணிப்புக் கட்டணத்தை மனமொப்பிக் கொடுப்பதில் வண்டிக்காரருக்குத் தன்னலமும் உண்டு. நுகர்வோர் சட்டம் இலவசமாகச் செய்து தரும் எதையும் சேவை என்ற வரையறைக்குள் கொண்டுவருவதில்லை. ‘செக்கிங் ஃப்ரீ’ என்று வாங்கிய கணிப்பு பொய்க்கும்போது, நாங்கள் விற்றது பாகம்தான், பாகத்தில் குறை எதுவும் இல்லை என்று டீலர் சொல்ல இடமிருக்கிறது. கணிப்புக்கென்று தனி வரியில், ஜிஎஸ்டியோடு, பணம் கட்டிய ரசீது கையில் இருந்தால் அந்த வாதம் எடுபடாது.